மண் சுமக்கும் ஆறு: சீற்றத்துக்கும் தணிவுக்கும் பின்னால் உள்ள கணக்கு

2008 ஆகஸ்ட் 18 அன்று, நேபாளத்தின் குசஹா என்ற இடத்தில் கோசி ஆறு தன் கிழக்குக் கரையை உடைத்துக்கொண்டு வெளியேறியது. அடுத்த சில நாட்களில் ஆற்றின் பெரும்பகுதி நீர், நூறாண்டுகளுக்கும் மேலாகக் கைவிட்டிருந்த பழைய தடங்களில் இறங்கித் தெற்கே பாய்ந்தது. பழகிய போக்கிலிருந்து ஏறத்தாழ 120 கி.மீ. கிழக்கே தள்ளி, கோசியின் வெள்ளத்தை மறந்தே போயிருந்த பிகார் மாவட்டங்கள் மூழ்கின. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

அன்று கோசியில் பெருவெள்ளம் இல்லை. கரைகள் வினாடிக்கு 9.5 லட்சம் கன அடி நீரைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. உடைப்பு நேர்ந்த நாளில் ஓடிய நீர் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைவிடப் பெரிய வெள்ளங்கள் அந்த இடத்தைக் கடந்து போயிருக்கின்றன. அப்போதெல்லாம் நின்ற கரை, ஆறு சாதாரணமாக ஓடிய ஒரு நாளில் ஏன் சரிந்தது?

இந்தக் கேள்விக்கு நீர்மட்டத்தில் விடை கிடைக்காது. ஆற்றின் குணத்தை நாம் எப்போதும் நீரின் உயரத்தை வைத்தே அளக்கிறோம். செய்தியில் வருவது கன அடி, அபாய அளவு, அணையின் இருப்பு. ஆனால் ஆறு என்பது நீரும் மண்ணும் சேர்ந்து ஓடும் ஓட்டம். அதன் சீற்றம், சோம்பல், தடம் மாறும் பழக்கம் எல்லாம் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கணக்கிலிருந்து பிறக்கின்றன. மண்ணைக் கணக்கில் சேர்க்காமல் ஆற்றை அடக்க முனைந்த திட்டங்கள், உலகின் பல கண்டங்களிலும், பெரும்பாலும் தொடங்கிய இடத்தைவிட மோசமான இடத்தில் வந்து நின்றிருக்கின்றன.

கோசி எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா சரிவுகளிலிருந்து வருவது. ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் மண்ணை மலையிலிருந்து இறக்குகிறது. செங்குத்தான பள்ளத்தாக்கைத் தாண்டிச் சமவெளியைத் தொட்டதும் வேகம் குறைகிறது, சுமை இறங்குகிறது. அப்படி இறக்கிய மண்ணாலேயே ஒரு பிரம்மாண்டமான விசிறி வடிவ நிலத்தை அது கட்டியிருக்கிறது. அந்த விசிறியின் மேல் சுமார் 250 ஆண்டுகளில் 100 கி.மீ.க்கு மேல் மேற்கு நோக்கி நகர்ந்தது. ஒரு தடம் மண்ணால் மேடானதும் பக்கத்துப் பள்ளத்துக்கு மாறும், அதுவும் மேடானதும் அடுத்ததற்குப் போகும். 1954ஆம் ஆண்டின் இந்திய–நேபாள ஒப்பந்தத்துக்குப் பிறகு இரு புறமும் கரை எழுப்பி அந்த நகர்வை நிறுத்தினார்கள். நகர்வுதான் நின்றது, மண் வருவது நிற்கவில்லை. பரந்த சமவெளி முழுக்கப் பரவ வேண்டிய வண்டல் சில கிலோமீட்டர் அகலத்துக்குள் கொட்டிக்கொண்டே இருந்தது. ஆற்றுப் படுகை வெளி நிலத்தைவிட உயர்ந்தது. படுகைக்குள் மேடு தட்டிய இடங்களால் ஓட்டம் கிழக்கே ஒதுங்கி, குசஹாவில் கரையின் அடியை அறுத்துக்கொண்டே இருந்தது. கரை தாங்க வேண்டியிருந்தது நீரின் உயரத்தை அல்ல, அடி அரிப்பை. அதற்கு ஒன்றரை லட்சம் கன அடியே தாராளம்.

பிகாரின் கணக்கு இன்னும் வேதனையானது. 1952இல் அந்த மாநிலத்தில் ஆறுகளுக்குக் கட்டப்பட்ட கரைகளின் மொத்த நீளம் 160 கி.மீ. வெள்ள அபாயம் உள்ள பரப்பு 25 லட்சம் ஹெக்டேர். பின்னர் கரைகள் 3,400 கி.மீ.யைத் தாண்டின. 1994இல் வெள்ள அபாயப் பரப்பு 68.8 லட்சம் ஹெக்டேர் என்று கணக்கிடப்பட்டது. கரைக்கு வெளியே பெய்த மழை ஆற்றில் சேர வழியின்றித் தேங்கியதும் இதற்கு ஒரு காரணம். கோசிக் கரைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான கிராமங்கள் ஆண்டுதோறும் மூழ்குகின்றன. 2024 செப்டம்பர் இறுதியில் கோசியின் வீர்பூர் தடுப்பணையிலிருந்து வினாடிக்கு 6.61 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. 56 ஆண்டுகளில் அதுவே மிக அதிகம். அப்போதும் வடிவமைப்பு அளவைத் தொடாமலேயே பல இடங்களில் கரைகள் உடைந்தன.

வேகம் என்ற பெருக்கி

ஓடும் நீரின் பலத்தை நம் கண் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறது. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ. அது நகரும்போது தடையாக நிற்கும் பொருளின் மேல் செலுத்தும் விசை வேகத்தின் இருமடியாக வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. இது பலருக்கும் தெரிந்ததே. ஆற்றின் அடியில் கிடக்கும் கல்லின் கதை வேறு. நீர் உருட்டிச் செல்லக்கூடிய மிகப் பெரிய கல்லின் எடை வேகத்தின் ஆறாம் மடிக்கு ஏற்ப வளரும் என்று 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கணிதவியலாளர் வில்லியம் ஹாப்கின்ஸ் கணக்கிட்டார். வேகம் இரண்டு மடங்கானால் 64 மடங்கு எடையுள்ள கல் நகரும். மலையோரக் காட்டாறுகளில், ஆண்டில் பெரும்பகுதி கணுக்காலளவு நீர் ஓடும் படுகையில், வீட்டளவு பாறைகள் கிடப்பதைப் பார்த்து வியக்கிறோம். அந்தப் பாறைகளை நகர்த்தியது நாம் பார்க்கும் ஆறு அல்ல. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, சில மணி நேரம் மட்டும் வரும் வேறொரு ஆறு.

மனித உடலுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. வேகமாக ஓடும் 15 செ.மீ. நீர் ஒருவரின் காலை வாரிவிடும். 30 செ.மீ. சிறிய காரை மிதக்க வைக்கும். 60 செ.மீ. இருந்தால் பெரும்பாலான வாகனங்கள் அடித்துச் செல்லப்படும். தரைப்பாலத்தின் மேல் முழங்காலளவு நீர்தானே என்று வண்டியை இறக்கி உயிரிழப்பவர்கள் ஆழத்தைப் பார்க்கிறார்கள், வேகத்தைப் பார்ப்பதில்லை.

வேகத்துக்கும் மண்ணுக்கும் உள்ள உறவில் எதிர்பாராத ஒரு திருப்பமும் உண்டு. ஸ்வீடன் நாட்டுப் புவியியலாளர் பிலிப் யூல்ஸ்ட்ரோம் 1935இல் வரைந்து காட்டிய வளைகோடு அதைத் தெளிவாக்கியது. நீரால் மிக எளிதாகப் பெயர்க்க முடிவது மணலைத்தான். அதைவிடப் பெரிய கூழாங்கல்லுக்குக் கூடுதல் வேகம் வேண்டும் என்பது இயல்பு. ஆனால் மணலைவிடப் பல மடங்கு நுண்ணிய களிமண்ணைப் பெயர்க்கவும் கூடுதல் வேகம் வேண்டும், ஏனெனில் அதன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒருமுறை பெயர்ந்துவிட்டாலோ, களிமண் மிகமெல்லிய ஓட்டத்திலும் அடியில் தங்காமல் நெடுந்தூரம் போகும். வெள்ளம் கரை மீறும்போது நடப்பது இதுதான். கரையைத் தாண்டியதும் வேகம் சட்டெனக் குறைய, மணல் உடனே அங்கேயே விழுகிறது. களிமண் வயல்வெளி முழுதும் பரவிப் படிகிறது. ஆண்டுக்கு ஆண்டு இப்படி நடந்து, மனிதக் கை படாமலேயே ஆறு தன் இரு மருங்கிலும் மேடு கட்டிக்கொள்கிறது. சமவெளி ஆறுகள் பலவற்றின் கரையோரம் உயர்ந்தும், ஆற்றிலிருந்து விலகிச் செல்லச் செல்ல நிலம் தாழ்ந்தும் இருப்பது இதனால்தான். பழைய ஊர்கள் ஆற்றை ஒட்டிய மேட்டிலேயே அமைந்ததற்கும் இதுவே காரணம்.

1955இல் எமரி லேன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஆற்றின் நடத்தையை ஒரு தராசாக எழுதிக் காட்டினார். ஒரு தட்டில் மண்ணின் அளவும் அதன் பருமனும். மறு தட்டில் நீரின் அளவும் சரிவும். நான்கில் எது மாறினாலும் மற்றவை மாறித்தான் தட்டுகள் சமமாகும். மண் கூடினால் படுகை மேடாகும். மண் குறைந்தால் ஆறு படுகையைத் தோண்டும். நீரைக் குறைத்தால் அதே மண்ணைச் சுமக்க முடியாமல் தடம் தூர்ந்துபோகும். ஆற்றின் மனநிலை என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தத் தராசு சமநிலையைத் தேடி ஆடும் ஆட்டமே. அதற்கு எடுக்கும் காலம்தான் மனிதர்களை ஏமாற்றுகிறது. கலிபோர்னியாவின் சியரா மலைகளில் 19ஆம் நூற்றாண்டில் தங்கம் தேடியவர்கள் பீய்ச்சும் நீரால் மலைச் சரிவுகளையே கரைத்து ஆற்றில் விட்டார்கள். கீழே ஆற்றுப் படுகைகள் உயர்ந்து, வயல்களும் ஊர்களும் மண்ணில் புதைந்தன. 1884இல் நீதிமன்றம் அதைத் தடை செய்தது. அதற்குப் பின்னும் அந்த மண் ஓர் அலைபோலப் பல பத்தாண்டுகள் ஆற்றின் வழியே நகர்ந்துகொண்டிருந்ததைக் கில்பர்ட் என்ற நிலவியலாளர் 1917இல் விரிவாகப் பதிவு செய்தார்.

வளைவதும் அறுப்பதும்

ஆறு ஏன் வளைகிறது என்ற கேள்வியை ஐன்ஸ்டீன்கூட விட்டுவைக்கவில்லை. 1926இல் அவர் எழுதிய சிறு கட்டுரை, கோப்பையில் கலக்கப்பட்ட தேநீரில் தொடங்குகிறது. சுழலும் தேநீரில் இலைத்துகள்கள் விளிம்புக்கு ஒதுங்காமல் அடியில் நடுவே குவிகின்றன. மேற்பரப்பு நீர் வேகமாகச் சுற்றி வெளியே தள்ளப்பட, அடியில் உராய்வால் வேகம் குறைந்த நீர் உள்ளே இழுபடுவதே காரணம். ஆற்று வளைவிலும் அதுவே நடக்கிறது. மேலே ஓடும் வேகமான நீர் வெளிக்கரையில் மோதிக் கீழே இறங்குகிறது, அங்கே கரையைக் குடைந்து மடுவை ஆழமாக்குகிறது. அடியில் ஓடும் நீர் அந்த மண்ணை உட்கரைக்கு இழுத்துச் சென்று மணல் திட்டாக்குகிறது. ஒரு பக்கம் தின்று மறுபக்கம் கட்டுவதால் வளைவு மேலும் வளைகிறது. ஒரு கட்டத்தில் வளைவின் இரு முனைகளும் நெருங்கிவிட, வெள்ளக் காலத்தில் ஆறு இடையிலுள்ள கழுத்தை அறுத்துக்கொண்டு நேரே போய்விடுகிறது. 1876 ஏப்ரலில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு அப்படி ஒரு வளைவை அறுத்தது. ஆற்றுத் துறைமுகமாகவே வாழ்ந்த விக்ஸ்பர்க் நகரம் ஆறில்லாத ஊராகிவிட்டது. வேறோர் ஆற்றின் நீரைத் திருப்பிக் கால்வாய் வெட்டி நகரின் முன் மீண்டும் நீரோட்டம் கொண்டுவர 1903 வரை ஆயிற்று.

கரையோரம் வாழ்பவர்களுக்குத் தெரிந்த, வெளியூர்க்காரர்கள் நம்ப மறுக்கும் உண்மை ஒன்று உண்டு. கரை அதிகமாகச் சரிவது வெள்ளம் ஏறும்போது அல்ல, வடியும்போது. ஏறிய நீர் கரையின் மண்ணுக்குள் ஊறி அதன் எடையைக் கூட்டுகிறது. அதே நேரம் ஆற்றிலுள்ள நீர் வெளியிலிருந்து முட்டுக்கொடுத்தும் நிற்கிறது. நீர்மட்டம் வேகமாக இறங்கினால் முட்டு போய்விடுகிறது, உள்ளே ஊறிய நீரோ வெளியேற நேரம் பிடிக்கிறது. நனைந்து கனத்த மண் பாளம்பாளமாக இடிந்து விழுகிறது. ஆபத்து தீர்ந்தது என்று வீடு திரும்பியவர்களின் வீடுதான் அப்போது போகிறது. அணை மதகுகளைத் திடீரென மூடும்போதும் இதே விளைவு ஏற்படும் என்பதை மதகை இயக்குபவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பிரம்மபுத்திராவில் இந்த அரிப்பு ஒரு தலைமுறைக்குள் கண்ணெதிரே நடந்து முடிகிறது. 1950 ஆகஸ்ட் 15 அன்று அசாம்–திபெத் பகுதியைக் குலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு 8.6. மலைச் சரிவுகள் பெயர்ந்து ஆற்றில் விழுந்தன. திப்ரூகர் அருகே படுகை மீட்டர் கணக்கில் உயர்ந்தது. அடியில் இடமில்லாத ஆறு பக்கவாட்டில் இடம் தேடியது. ஆற்றிடைத் தீவான மாஜூலி தன் பழைய பரப்பில் பாதிக்கும் மேல் இழந்திருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கும் முந்தைய நிலநடுக்கம் இன்றும் அங்கே ஒரு குடும்பத்தின் வயலை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் அது மிகையல்ல. ஆறு நிலத்தை எடுக்கும், வேறிடத்தில் போடும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்ட பகுதி வங்காளம். புதிதாக எழும் திட்டு யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்மானிக்க 1825லேயே அங்கு தனி ஒழுங்குமுறை இயற்றப்பட்டது.

ஊருக்கு மேலே ஓடும் ஆறு

மண்ணின் கணக்கு மிக வெளிப்படையாகத் தெரியும் ஆறு சீனாவின் மஞ்சள் ஆறு. காற்று கொண்டுவந்து குவித்த மென்மையான புழுதி மண் பீடபூமியை அறுத்துக்கொண்டு வருவதால் அதன் ஒரு கன மீட்டர் நீரில் சராசரியாக 35 கிலோ மண் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் மண்ணைச் சுமந்தது. சமவெளிக்கு வந்ததும் இதில் ஒரு பகுதி படுகையிலேயே தங்கும். படுகை உயர, கரையை உயர்த்துவார்கள். மீண்டும் படுகை உயரும். இப்படியே தலைமுறை தலைமுறையாகப் போட்டி நடந்து, கைஃபெங் நகரருகே ஆற்றின் அடி நகரத் தரையைவிட ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இத்தகைய ஆற்றில் கரை உடைந்தால் நீர் வடிந்து திரும்ப ஆற்றுக்கு வராது. ஆறே வெளியே இறங்கிவிடும்.

கடந்த 2,500 ஆண்டுகளில் அது 1,500 முறைக்கு மேல் கரையை உடைத்ததாகவும் 26 முறை பெரிய அளவில் தடம் மாறியதாகவும் சீன வரலாற்றுக் கணக்குகள் கூறுகின்றன. 1855இல் நடந்த மாற்றம் நம்புவதற்கே கடினமானது. அதுவரை ஷாண்டோங் தீபகற்பத்துக்குத் தெற்கே கடலில் கலந்த ஆறு, ஹெனானில் கரையை உடைத்து, தீபகற்பத்தின் வடக்கே போஹாய் விரிகுடாவில் போய்ச் சேர்ந்தது. பழைய கழிமுகத்துக்கும் புதியதற்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். 1887 வெள்ளத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கை ஒன்பது லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரை மதிப்பிடப்படுகிறது. 1938 ஜூனில், முன்னேறிய ஜப்பானியப் படையைத் தடுக்கச் சீன அரசே ஹுவாயுவான்கோவில் கரையை உடைத்தது. லட்சக்கணக்கில் இறந்தவர்கள் சொந்த நாட்டு விவசாயிகள். 1947இல்தான் ஆறு பழைய தடத்துக்குத் திருப்பப்பட்டது. ஆற்றின் பலத்தை ஆயுதமாக நினைத்தவர்கள் அதை நிறுத்தும் வழியைக் கையில் வைத்திருக்கவில்லை.

இந்தச் சீற்றத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒருவர் அங்கேயே இருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. மிங் அரசில் நான்கு முறை ஆற்றுப் பொறுப்பை ஏற்ற பான் ஜிஷுன் (1521–1595), வெள்ளம் வருகிறதே என்று ஆற்றைப் பல கிளைகளாகப் பிரிப்பது தவறு என்று வாதிட்டார். நீர் பிரிந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் மணல் தங்கும், மணல் தங்கினால் படுகை உயரும். ஆகவே நீரை ஒடுக்கி அதன் வேகத்தாலேயே மணலை அரித்துக் கடலுக்குத் தள்ள வேண்டும் என்றார். ஆற்றை ஒட்டி ஒரு கரை, அதை மீறும் வெள்ளத்துக்காகத் தொலைவில் இன்னொரு கரை என்று இரட்டைக் கரைகளைக் கட்டினார். யூல்ஸ்ட்ரோமின் வளைகோட்டுக்கு மூன்றரை நூற்றாண்டுகள் முந்திய அறிவு இது. ஆனாலும் மேலிருந்து வரும் மண்ணின் அளவு அவர் வழியையும் வென்றது. 2001இல் முடிக்கப்பட்ட ஷியாவ்லாங்டி அணையிலிருந்து, 2002 முதல் திட்டமிட்டுச் செயற்கை வெள்ளம் விடப்படுகிறது. கீழேயுள்ள படுகையின் மணலை அடித்துச் செல்வதே அதன் நோக்கம். பீடபூமியில் மரம் நட்டதும் படிவயல் அமைத்ததும் மண்வரத்தைப் பெருமளவு குறைத்திருக்கின்றன. என் மதிப்பீட்டில் எல்லாக் கரைகளையும்விட மஞ்சள் ஆற்றை அதிகம் சாந்தப்படுத்தியது மேலே மலைச்சரிவில் நடந்த அந்த வேலைதான்.

ஆறு தடம் மாறுவதற்கு மண் மட்டும் போதாது, அருகில் கூடுதல் சரிவுள்ள வழியும் வேண்டும். காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டில் கொள்ளிடமே நேரான, சரிவு கூடிய வழி. காவிரிக் கிளையில் மணல் சேரச் சேர நீர் கொள்ளிடத்தை நாடியது, டெல்டாவின் பாசனம் நலிந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். சில ஆண்டுகளிலேயே சிக்கல் தலைகீழானது. இப்போது காவிரிக்கு அளவுக்கு மிஞ்சி நீர் போய்ப் படுகையை அறுக்கத் தொடங்கியது. அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பைக் கட்டிச் சமன் செய்தார்கள். 2018 ஆகஸ்டில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தபோது மேலணையின் ஒன்பது மதகுகள் சரிந்தன. ஆறு தேடும் வழியின் குறுக்கே நிற்கும் கட்டுமானத்துக்கு ஓய்வு கிடையாது.

மிசிசிப்பியில் இதே நாடகம் இன்னும் பெரிய மேடையில் நடக்கிறது. அதன் கிளையான அட்சபலாயா வழியாகக் கடலுக்கு உள்ள தூரம், தற்போதைய முதன்மைத் தடத்தின் தூரத்தில் ஏறத்தாழ பாதி. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் முழு ஆறும் அந்தப் பக்கம் திரும்பிவிடும் என்பது தெளிவானது. நியூ ஆர்லியன்ஸ் நகரும் ஆலைகளும் ஆறின்றி நிற்கும். 1963இல் இயங்கத் தொடங்கிய கட்டுப்பாட்டு அமைப்பு, நீரில் 30 விழுக்காடு மட்டும் அட்சபலாயாவுக்குப் போகும்படி பார்த்துக்கொள்கிறது. 1973 வெள்ளம் அந்த அமைப்பின் அடித்தளத்தையே குடைந்து, அதைக் கிட்டத்தட்ட வீழ்த்தியது. பிறகு துணை அமைப்புகள் கட்டப்பட்டன. ஆறு இன்னும் அதே வழியைத்தான் நாடுகிறது.

மண் இழந்த ஆறு

அதிக மண் ஒரு வகை ஆபத்து என்றால் மண்ணே இல்லாத நீர் வேறு வகை. அணைக்குப் பின்னே நீர் தேங்கும்போது வண்டல் அடியில் தங்கிவிடுகிறது. மதகின் வழியே தெளிந்து வெளிவரும் நீருக்குச் சுமை இல்லை, வேகம் மட்டும் இருக்கிறது. ஆற்றியலாளர்கள் அதைப் பசித்த நீர் என்கிறார்கள். அது கீழேயுள்ள படுகையையும் கரைகளையும் தின்னும்.

நைல் ஆறு ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னுக்கும் மேல் வண்டலைச் சுமந்து வந்தது. 1970இல் அஸ்வான் உயரணை முடிந்த பிறகு அதில் ஏறத்தாழ எல்லாமே அணைக்குப் பின்னால் நின்றுவிட்டது. எகிப்துக்கு மின்சாரமும் வறட்சியிலிருந்து பாதுகாப்பும் கிடைத்தன, இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் டெல்டாவின் முனைகளைக் கடல் அரிக்கிறது. கடல் தின்னும் மண்ணை ஈடுசெய்துவந்த ஆறு இப்போது வெறுங்கையோடு வருகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலும் அதே நிலை. மிசிசிப்பியின் வண்டலை மேலேயுள்ள அணைகளும் கரைகளும் தடுத்ததால் 1930களிலிருந்து சுமார் 4,800 சதுர கி.மீ. கரையோர நிலம் நீராகிவிட்டது.

மணல் அள்ளுவது இதையே குறுக்குவழியில் செய்கிறது. உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துகிறது என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் மதிப்பீடு. அதில் ஒரு பகுதி ஆறுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. அள்ளிய குழி அங்கேயே நிற்காது, மேல்நோக்கி நகரும். குழியின் விளிம்பில் சரிவு கூடுவதால் நீர் அந்த விளிம்பை அறுத்துக்கொண்டே பின்னோக்கிச் செல்லும். 2001 மார்ச் 4 அன்று போர்த்துக்கல்லின் டோரோ ஆற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாலம் ஒன்றின் தூண் சரிந்து, பேருந்தும் கார்களும் ஆற்றில் விழுந்தன. 59 பேர் இறந்தனர். பல ஆண்டுகள் மணல் அள்ளியதால் தாழ்ந்த படுகையும், அந்தக் குளிர்காலத்தின் அடுத்தடுத்த வெள்ளங்களும் தூணின் அடியை வெறுமையாக்கியிருந்தன. மணல் எடுத்த நாளில் எந்தச் சேதமும் தெரியவில்லை. கணக்கு வந்து சேர்ந்தது பிறகு.

நூறாண்டு வெள்ளம்

கரையை எவ்வளவு உயரத்துக்குக் கட்டுவது என்று முடிவு செய்யப் பொறியாளர்கள் பழைய வெள்ளங்களின் பதிவை நாடுகிறார்கள். நூறாண்டு வெள்ளம் என்ற சொற்றொடர் அங்கிருந்து வருகிறது. நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று மக்கள் புரிந்துகொள்கிறார்கள். அதன் பொருள், எந்த ஆண்டிலும் வருவதற்கு ஒரு விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதே. போன ஆண்டு வந்ததால் இந்த ஆண்டு வராது என்ற உறுதி கிடையாது. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் தீர்வதற்குள் அப்படி ஒரு வெள்ளத்தைச் சந்திக்கும் வாய்ப்பு 26 விழுக்காடு.

இந்தக் கணக்கும் ஒவ்வோர் ஆண்டும் தனித்தனி என்ற நம்பிக்கையில் நிற்கிறது. கெய்ரோவில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய ஆங்கிலேய நீரியலாளர் ஹரால்ட் எட்வின் ஹர்ஸ்ட், நைலின் நீர்மட்டப் பதிவுகளை ஆராய்ந்தார். கி.பி. 622 முதல் தொடரும் பதிவுகள் அங்கே இருந்தன. உலகில் வேறெந்த ஆற்றுக்கும் கிடைக்காத செல்வம் அது. 1951இல் அவர் வெளியிட்ட முடிவு நீரியலையே அசைத்தது. நீர் மிகுந்த ஆண்டுகள் கூட்டமாக வருகின்றன, வறண்ட ஆண்டுகளும் அப்படியே. ஐம்பது ஆண்டுப் பதிவைப் பார்த்து அந்த ஆற்றின் இயல்பு இதுதான் என்று முடிவு கட்டினால், அதன் நீண்ட மனநிலைகளில் ஒன்றை மட்டுமே பார்த்திருப்போம். சமவெளியில் வீடு கட்ட அனுமதி கொடுக்கும் அலுவலகங்களில் பெரும்பாலும் ஐம்பது ஆண்டுப் பதிவுகூட இருப்பதில்லை.

1927 வசந்தத்தில் மிசிசிப்பி இந்த அலட்சியத்தின் விலையைக் காட்டியது. பல பத்தாண்டுகளாகப் பக்கக் கால்வாய்களை அடைத்து, கரைகள் மட்டுமே போதும் என்ற கொள்கை நடைமுறையில் இருந்தது. அந்த ஆண்டு கரைகள் அடுத்தடுத்து உடைந்தன. ஏறத்தாழ 70,000 சதுர கி.மீ. மூழ்கியது, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். ஏப்ரல் 29 அன்று நியூ ஆர்லியன்ஸைக் காப்பாற்ற அதற்குக் கீழே இருந்த கரையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இரண்டு மாவட்டங்களின் எளிய மக்கள் தம் வாழ்வாதாரத்தை இழந்தார்கள், வாக்களித்த இழப்பீடு பெரும்பாலோருக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. மேலே வேறு கரைகள் ஏற்கெனவே உடைந்து நீர்மட்டம் இறங்கத் தொடங்கியிருந்ததால் அந்த வெடிக்குத் தேவையே இருக்கவில்லை. கரைகள் மட்டுமே என்ற கொள்கை அத்துடன் முடிந்தது. வெள்ளத்தைத் திட்டமிட்டு வெளியேற்றும் வழிகள் அமைக்கப்பட்டன.

ஐரோப்பாவில் ரைன் ஆற்றின் கதை நீண்டது. ஜெர்மன் பொறியாளர் யோஹான் காட்ஃபிரீட் துல்லா 1817இல் தொடங்கிய பணி, மேல் ரைனின் வளைவுகளை அறுத்து அதன் நீளத்தைச் சுமார் 80 கி.மீ. குறைத்தது. சதுப்பு வற்றியது, மலேரியா ஒழிந்தது, விளைநிலம் கிடைத்தது. அந்தக் காலத்து மக்கள் அதை வரவேற்றதில் நியாயம் உண்டு. ஆனால் நீளம் குறைந்தால் சரிவு கூடும், சரிவு கூடினால் வேகம் கூடும். ஆறு படுகையைப் பல மீட்டர் ஆழத்துக்கு அறுத்தது, நிலத்தடி நீர் இறங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தடுப்பணைகளும் சேர்ந்தபோது வெள்ள அலை கீழேயுள்ள நகரங்களுக்கு முன்னைவிட விரைவாகப் போய்ச் சேர்ந்தது.

அந்த நீரெல்லாம் கடைசியில் வந்து சேரும் நாடு நெதர்லாந்து. 1995இல் ஆறுகள் பெருகியபோது கரைகள் தாங்குமா என்ற அச்சத்தில் இரண்டரை லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். கரை தாங்கிக்கொண்டது. ஆயினும் அதை இன்னும் உயர்த்துவது பதிலாகாது என்று அந்நாடு முடிவெடுத்தது. உயர்ந்த கரை உடையும்போது அழிவும் அந்த உயரத்துக்கு ஏற்பவே இருக்கும். 2007 முதல் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடம் விடும் பணிகள் நடந்தன. நைமேகன் நகரில் ஆறு குறுகி நெரிபடும் இடத்தில் கரையை 350 மீட்டர் பின்னுக்கு நகர்த்திப் பக்கத் தடம் ஒன்றை வெட்டினார்கள். ஐம்பது வீடுகள் போயின. ஓவர்டீப் என்ற தாழ்நிலத்தில் கரையைத் தாழ்த்தி, பெருவெள்ளத்தில் அந்நிலம் மூழ்கட்டும் என்று விட்டார்கள். அங்குள்ள விவசாயிகளே முன்வைத்த திட்டத்தின்படி, செயற்கை மேடுகளில் பண்ணைகள் புதிதாகக் கட்டப்பட்டன. எல்லோருக்கும் மேட்டில் இடமில்லை. சில குடும்பங்கள் அரசு கொடுத்த பணத்தைப் பெற்றுக்கொண்டு வேறு ஊர்களுக்குப் போய்விட்டன, தங்கியவர்கள் வெள்ளத்தில் மேய்ச்சல் நிலம் மூழ்கினாலும் மாடும் வீடும் நனையாத உயரத்தில் தொழிலைத் தொடர்கிறார்கள். ஆற்றுக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல இன்று பொறியாளர்களால் முடியும். அந்த அகலத்துக்குள் இருக்கும் நிலம் யாருடையது, அவருடன் எப்போது பேசுவது, ஈடாக எதைத் தருவது என்பதில்தான் 1927இன் வெடிமருந்துக்கும் ஓவர்டீப்பின் மேடுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு முழுதும் அடங்கியிருக்கிறது.